இரண்டாவது கோழிக்கூட்டம்: சில்கிக் கோழி யாருக்குத் தகும்?

நிலபுலமுள்ள வீடுகளில் புழக்கடைக் கோழி என்பது புதிதன்று. களத்தில் சிந்திய மணியையும், எருக்குழியிலுள்ள புழுவையும், அடுக்களையில் கழியும் பருக்கையையும் தின்று, பெருஞ்செலவின்றி வளர்ந்து, விருந்தினர் வந்த நாளில் கறியாகவும், பணமுடையான நாளில் காசாகவும் அது உதவி வருகின்றது. சில காலமாய் இந்த நாட்டுக்கோழிக் கூட்டத்தோடு, அழகுக்கோழிகளாலான இரண்டாவது கூட்டமொன்றையும் வைத்துக்கொள்ளும் ஆவல் குடியானவரிடையே பரவி வருகின்றது. பட்டணத்துப் பறவைக் கடைகளிலும் வாரச்சந்தைகளிலும் 'பேன்ஸி கோழி' என்னும் பெயரால் சில்கி, பிரம்மா, கொச்சின், போலிஷ் கேப் முதலிய பல ஜாதிகள் விற்கப்படுகின்றன. இவற்றுள் மிகுதியாய்க் கேட்கப்படுவது, பஞ்சுப்பொதிபோல் புசுபுசுவென்றிருக்கும் சில்கியே. நெல்லையும் நிலக்கடலையையும் பற்றிச் சொல்லப் போகும் கிராமங்களில், "ஐயா, இந்தப் பஞ்சுக்கோழி வாங்கலாமா?" என்று என்னைக் கேளாதவர் குறைவு.

இக்கேள்விக்கு ஆம் என்றோ அன்று என்றோ ஒரு சொல்லில் விடை கூறுவது பொருந்தாது. என் அபிப்பிராயம் யாதெனில், இரண்டாவது கூட்டம் முதற்கூட்டத்தின் குறையை நிரப்புவதாயிருத்தல் வேண்டும். அதற்குப் பாரமாதல் கூடாது. சில்கிக் கோழி நிரப்பக்கூடிய குறை ஒன்றே ஒன்று. அஃது அடைகாக்கும் தாய் இல்லாக் குறை. அக்குறையுள்ள வீட்டுக்கு இக்கோழி மிகவும் தகும். அக்குறையில்லாத வீட்டுக்கு, கண்ணுக்கு இனிய செலவு என்பதற்கு மேல் இதனால் பிரயோஜனம் இல்லை. இதற்குரிய காரணங்களைக் கீழே விளக்குவேன்.

கோழியின் தன்மை

சாதாரணக் கோழியின் இறகொன்றை எடுத்து விரலால் நீவிப் பார்த்தால், நடுத்தண்டின் இருபுறமும் கிளைத்த இழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரே தகடுபோல் நிற்பதைக் காணலாம். அத்தகடே பறப்பதற்கு விசிறியாகவும், மழைக்குக் குடையாகவும் உதவுகின்றது. சில்கியின் இறகில் இக்கொக்கிகள் ஒழுங்காய் அமைவதில்லை. ஆகையால் இழைகள் பிரிந்து பஞ்சுபோல் தொங்குகின்றன. அழகு எதனால் வந்ததோ அதனாலேயே இரண்டு பலவீனங்களும் வந்தன. இக்கோழியால் பறக்க இயலாது. மழைநீரை வடியவிடவும் இயலாது. இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால், இதன் பராமரிப்பைப் பற்றிய பெரும்பகுதி தானே விளங்கும்.

இதன் பூர்வீகம் சீன தேசம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கிருந்து திரும்பிய மார்கோ போலோ, பூனைமயிர் போன்ற மயிருடைய கறுப்புக் கோழிகளைப் பற்றிக் கூறியிருப்பது இதனையே குறிப்பதாகக் கொள்ளப்படுகின்றது. மேல்நிறம் வெள்ளையாயினும், கறுப்பாயினும், சாம்பலாயினும், தோலும் எலும்பும் கறுத்திருக்கும். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதியைச் சேர்ந்ததும், 2018-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றதுமாகிய கடக்நாத் கோழியிலும் இத்தகைய கருமை உண்டு. சாதாரணக் கோழிக்குக் காலில் நான்கு விரல், சில்கிக்கு ஐந்து. கால்களிலும் மயிர் உண்டு. தலையில் மயிர்க்குடுமி உண்டு. சுபாவம் மிகச் சாது. குழந்தைகள் கையில் எடுத்தாலும் கொத்தாது.

பெயரைக் கண்டு மயங்கற்க

அழகுக்கோழி வாணிகத்தில் பெயர்களே பாதிச் சரக்கு. கொச்சின் என்றதும் நம் அண்டை நாடாகிய கொச்சியிலிருந்து வந்ததென்று பலர் எண்ணுகின்றனர். அப்பெயர் கொச்சின்-சீனம் என வழங்கிய தென் வியட்நாமைக் குறிப்பது. கோழியோ ஷாங்காய்த் துறைமுகத்திலிருந்து மேல்நாடு சென்றது. பிரம்மா என்னும் பெயரில் பிரம்மபுத்திரா நதியின் பெயர் குறுகி நிற்கின்றது. ஆயினும் அந்த ஜாதி உருவாகியது அமெரிக்காவில்.

இவ்விரு ஜாதிகளும் மேல்நாடுகளில் தோன்றிய காலத்தில் அங்கே ஏற்பட்ட கிறுக்குக்குக் கோழிக்காய்ச்சல் என்றே பெயரிட்டனர். 1849-ஆம் ஆண்டு நவம்பரில் பாஸ்டன் நகரத்துப் பொதுத் தோட்டத்தில் நடந்த கோழிக் கண்காட்சிக்குப் பின்னர் அது முற்றியது. ஜார்ஜ் பர்ன்ஹாம் என்னும் வியாபாரி, 1852-இல் விக்டோரியா அரசியாருக்கே கோழிகளைக் காணிக்கையாய் அனுப்பித் தம் சரக்கின் கீர்த்தியை உயர்த்திக்கொண்டார். பின்னர் விலை வீழ்ந்தது. வீழ்ந்த பின் 1855-இல் அந்தக் காய்ச்சலின் சரித்திரத்தை அவரே நகைச்சுவையாய் எழுதி வெளியிட்டார். கோழி வாங்கினவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

அயல்நாட்டுச் செய்தி நமக்கு எதற்கென்று எண்ணுவோர், 2012-ஆம் ஆண்டில் கொங்கு நாட்டில் ஈமு வளர்ப்பால் நேர்ந்ததை நினைத்துப் பார்க்கலாம். குஞ்சையும் தீவனத்தையும் தாமே தந்து, மாதந்தோறும் பணமும் தந்து, பறவையைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக வாக்களித்த நிறுவனங்கள் வீழ்ந்தபோது, முதல் போட்டவர்கள் காவல் நிலையத்தில் நின்றனர். பறவைகள் தீவனமின்றித் தவித்தன. முட்டைக்கும் கறிக்கும் வெளியே ஊரார் வாங்கும் சந்தை இல்லாத பறவையில், வளர்ப்பவன் விற்பது மற்றொரு வளர்ப்பவனுக்கே. அச்சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்பவன் நஷ்டப்படுவது திண்ணம். சில்கிக் குஞ்சு விற்றுப் பொருள் சேர்க்கலாமென்று எவரேனும் சொல்லின், "வாங்குபவன் அதனை என்ன செய்வான்?" என்று ஒரு முறை கேட்டுவிட்டுப் பின் முடிவு செய்க.

முட்டைக்கும் கறிக்கும் கணக்கு

சில்கிப் பெட்டை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 100 முட்டை இடும். நல்ல பராமரிப்பில் 120 வரை செல்லலாம். முட்டை சிறியது, 35 முதல் 40 கிராம் நிறையுள்ளது. வளர்ந்த கோழி நாளொன்றுக்குச் சுமார் 80 கிராம் தீவனம் தின்னுமென்று வைத்துக்கொள்வோம். ஆறு கோழிகளுக்கு நாளொன்றுக்கு 480 கிராம். ஆண்டுக்கு 175 கிலோ. ஆறும் பெட்டையாயிருந்து 600 முட்டை இட்டாலும், அவற்றின் நிறை 21 முதல் 24 கிலோவுக்குள் அடங்கும். ஆக, ஒரு கிலோ முட்டைக்கு ஏழு கிலோவுக்கு மேல் தீவனம் செலவாகின்றது. நாட்டுக்கோழியும் ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டையே இடுகின்றதாயினும், அது தன் ஆகாரத்தின் பெரும்பகுதியைத் தானே தேடிக்கொள்கின்றது. பறக்க மாட்டாத சில்கியை அவ்வாறு காட்டில் விட்டு மேய்க்க இயலாது. கறிக்கோவெனில், உடல் சிறியது. கறுத்த இறைச்சியைச் சீனர் மருந்துணவாகப் போற்றினும், நம் சந்தையில் அதனைக் கேட்டு வாங்குவோர் அரியர். ஆகவே முட்டை, கறி என்னும் இரண்டு கணக்கிலும் இக்கோழி தோற்றுப்போகின்றது.

அடைகாக்கும் திறம்

மூன்றாவது கணக்கொன்று உண்டு. 10, 15 முட்டை இட்டவுடனே சில்கிப் பெட்டை அடைக்கு வந்துவிடும். முட்டை வியாபாரிக்குக் குற்றமாய்த் தோன்றும் இக்குணமே குடியானவனுக்குக் குணம். தன் முட்டையாயினும் பிறிதொன்றின் முட்டையாயினும், முட்டையே இல்லாத வெறுங்கூடாயினும், அஃது உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாது. பொரித்த குஞ்சு எந்த ஜாதியாயினும் தன் குஞ்சாகவே அணைத்துக் காக்கும். சாதுவான கோழியாதலால் முட்டையை மாற்றும்போதும் பார்க்கும்போதும் கலவரப்படாது. மேல்நாடுகளில் வேட்டைப் பறவைகள், அழகுப் பறவைகள் முதலியவற்றின் முட்டைகளை இதன்கீழ் வைத்துப் பொரிக்கச் செய்வது நெடுநாளைய வழக்கம்.

இத்திறம் நம்மில் யாருக்கு வேண்டும்? வனராஜா, கிரிராஜா போன்ற உயர்ரகப் புழக்கடைக் கோழிகளை முதற்கூட்டமாய் வைத்திருப்போர்க்கு வேண்டும். அவை முட்டை மிகுதியாய் இடுமேயன்றி அடைகாக்கும் குணம் பெரும்பாலும் அற்றவை. காக்கி காம்ப்பெல் வாத்து வைத்திருப்போர்க்கும் வேண்டும். அவ்வாத்தும் அடைக்கு உட்காருவது அரிது. கினிக்கோழி வளர்ப்போர்க்கும் வேண்டும். அது புதரில் மறைவாய் முட்டையிட்டு, பொரித்த குஞ்சுகளைப் பனி நனைந்த புல்லில் இழுத்துச் சென்று பலவற்றை இழந்துவிடுவது. இத்தகைய வீடுகளில் மின்சாரப் பொரிப்பானுக்கு மாற்றாக மூன்று சில்கிப் பெட்டைகள் நின்று உதவும். மின்தடைக்கு அஞ்ச வேண்டுவதில்லை. பொரித்த குஞ்சுக்கு விளக்குச்சூடு தேட வேண்டுவதுமில்லை.

இனி, யாருக்கு வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுதல் முறை. சிறுவிடைக் கோழி வைத்திருக்கும் வீட்டுக்கு இது பெரும்பாலும் வேண்டாம். சிறுவிடையைவிடச் சிறந்த தாய்க்கோழி நம் நாட்டில் வேறில்லை. அஃது ஒரு தடவைக்கு 10 முதல் 12 முட்டை வரை அணைக்கும். சில்கியோ நாட்டுக்கோழி முட்டையில் 6 அல்லது 7 தான் அணைக்கும். பருந்து நிழல் கண்டவுடன் குஞ்சுகளைக் கூவியழைத்து எதிர்த்து நிற்கும் தீரமும் சிறுவிடைக்கே உண்டு. சிறுவிடைப் பெட்டையை அடையிலிருந்து விடுவித்துச் சீக்கிரம் மறுபடியும் முட்டைக்குக் கொணர விரும்புவோர் மட்டும், அதன் முட்டைகளைச் சில்கியின்கீழ் வைக்கலாம். இரண்டு பெட்டையின் வேலைக்கு மூன்று சில்கி வேண்டியிருக்கும் என்பதையும் அறிந்து செய்க.

மற்ற அழகு ஜாதிகளோடு ஒப்பிட்டாலும் சில்கியே மேல். போலிஷ் கேப் என்பது அடைகாவாத ஜாதி; அதன் பெருங்குடுமி கண்ணை மறைப்பதால் பகையை முன்னறியாது. பிரம்மாவுக்குத் தீவனச் செலவு மிகுதி. கனத்த உடலாதலால் சிறிய முட்டைகளை மிதித்து உடைக்கவும் கூடும். கொச்சின் நன்றாய் அடைகாக்குமாயினும் பெரிய வகைக்கு அதே குறை உண்டு. அதன் குள்ள வகை ஓரளவு தகும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ஐந்து விரல், கறுத்த தோல், சதைப்பற்றான உருண்டைக் கொண்டை, கால்மயிர், கொக்கியற்ற பஞ்சிறகு ஆகிய ஐந்தும் ஒருங்கே இருத்தல் வேண்டும். பஞ்சிறகுக் குணம் கலப்பில் மறைந்துபோவது. சில்கியும் நாட்டுக்கோழியும் கலந்த முதல் தலைமுறைக் குஞ்சுகள் சாதாரண இறகோடே தோன்றும். "வளர்ந்தால் பஞ்சாகிவிடும்" என்று கூறி அத்தகைய குஞ்சை விற்பவர் சொல்லை நம்ப வேண்டாம்.

இளங்குஞ்சில் ஆண் பெண் தெரிந்து சொல்வது மிகக் கடினம். நான்கு, ஐந்து மாதம் வரையிலும் ஐயம் தீராது. ஆதலால் "ஜோடி" என்று விற்கப்படும் குஞ்சுகளை வாங்குவதைவிட, முட்டையிடத் தொடங்கிய பெட்டைகளை வாங்குவதே சிக்கனம். அடைக்கென்றே வளர்ப்பவருக்குச் சேவல் வேண்டுவதேயில்லை. சேவலின்றி மூன்று அல்லது நான்கு பெட்டை போதும். வாங்கும் கோழியின் கண் தெளிவாயும், ஆசனவாய் சுத்தமாயும், கால் செதில் படிந்தும் இருத்தல் வேண்டும். நொண்டுவதும், ஒரு காலை முன்னும் மறு காலைப் பின்னும் நீட்டிப் படுப்பதுமான கோழி இருக்கும் இடத்தில் வேறு கோழியும் வாங்கற்க. அது மாரெக்ஸ் என்னும் நோயின் குறி. சில்கி அந்நோய்க்கு எளிதில் இரையாவது. அதற்குரிய தடுப்பூசியைக் குஞ்சு பொரித்த முதல் நாளிலேயே போடுதல் வேண்டுமாதலால், போடப்பட்டதா என்று விற்பவரை வினவுதல் நன்று.

கொட்டகையும் பராமரிப்பும்

சில்கிக்குக் குளிரும் வெயிலும் அவ்வளவு கேடு செய்வதில்லை. ஈரமே கேடு செய்வது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு முறை நனைந்தாலும் அதன் இறகு உடலோடு ஒட்டிக்கொள்ளும். துடைத்து உலர்த்தாவிடில் கோழி விறைத்துச் சாகும். ஆகையால் தரை மட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்திய மேடையின்மேல், ஆறு அடி நீளமும் நான்கு அடி அகலமுமுள்ள சிறு கொட்டகை போதுமானது. சாரல் படாதபடி கூரையின் இறவாணம் மூன்று அடி வெளியே நீண்டிருக்கட்டும். தரையில் உமியோ நிலக்கடலைத் தோலோ பரப்பி, ஈரமானதை உடனே மாற்றிவிடுக. இக்கோழியால் உயரத்தில் ஏற முடியாதாகையால், தங்கும் சட்டம் ஓர் அடிக்கு மேல் இருத்தலாகாது. முட்டைக்கூடையும் தரையிலேயே இருக்கட்டும். கீரி, மரநாய், பாம்பு, தெருநாய் ஆகியவற்றுக்கு இக்கோழி ஓடித் தப்பாது; சுற்றிலும் நெருங்கிய கண்ணுள்ள கம்பிவலை அவசியம். கோடையில் கொட்டகை வேம்பு, புங்கு போன்ற மரநிழலில் இருப்பதும், நண்பகலில் தண்ணீரை மாற்றி வைப்பதும் நலம். குடுமி நனையாதபடி குறுகிய வாயுள்ள தண்ணீர்க் கலம் வைத்தல் வேண்டும். கண்ணை மறைக்கும் குடுமி மயிரையும், ஆசனவாயைச் சுற்றிய மயிரையும் மாதம் ஒரு முறை கத்தரித்துவிடுக. அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்த தொட்டி ஒன்று வைத்தால், அதில் புரண்டு பேனைத் தானே போக்கிக்கொள்ளும்.

அடை வைக்கும் முட்டை ஒரு வாரத்திற்கு மேற்பட்டதாயிருத்தல் கூடாது. கூடையில் மணலும் அதன்மேல் வைக்கோலும் இட்டு, மாலை இருட்டியபின் முட்டைகளை வைத்துக் கோழியை அமர்த்துக. கோழி முட்டைக்கு 21 நாள். வாத்து முட்டைக்கு 28 நாள். கினி முட்டைக்கு 26 முதல் 28 நாள். ஏழாம் நாள் இரவில் விளக்கொளியில் பார்த்துக் கருவில்லாதவற்றை நீக்கிவிடலாம். சில்கி பசியையும் மறந்து உட்கார்ந்திருக்குமாதலால், நாள்தோறும் ஒரு முறை கையால் எடுத்துத் தானியத்தின் முன்னும் தண்ணீரின் முன்னும் விடுதல் வேண்டும். பொரித்த முதல் சில நாட்களில் குஞ்சின் காலோ கழுத்தோ தாயின் நீண்ட பஞ்சு மயிரில் சிக்கிக்கொள்வதுண்டு. அடை வைக்குமுன் வயிற்றடி மயிரைச் சிறிது கத்தரித்தால் அவ்விபத்து நேராது. ஓராண்டில் இரண்டு, மிஞ்சினால் மூன்று தடவைக்கு மேல் ஒரே பெட்டையை அடை வைக்கலாகாது. இடையில் உடல் தேற அவகாசம் கொடாவிடில், உயிருள்ள பொரிப்பானை நாமே அழித்தவராவோம்.

முதற்கூட்டத்துக்கு வரும் ஆபத்து

இனி நான் சொல்லப்போவதே முக்கியமானது. சந்தையில் பல ஊர்க் கோழிகளோடு ஒரே கூண்டில் அடைபட்டிருந்த கோழியைக் கொணர்ந்து, அன்றே புழக்கடையில் விடுவோர் பலர். வெள்ளைக்கழிச்சல் என்னும் இராணிக்கேட் நோய் வெளித்தெரியச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை செல்லலாம். பார்க்க நன்றாயிருக்கும் கோழியே நோயைக் கொணர்ந்து, பத்து நாளில் அவ்வீட்டுக் கூட்டத்தை மாத்திரமன்றித் தெருவின் கோழிகளையெல்லாம் கொண்டுபோய்விடும். ஆகையால் புதிய கோழிகளைக் குறைந்தது நான்கு வாரம் தனியிடத்தில் வைத்தல் வேண்டும். பழைய கோழிகளுக்குத் தீவனம் இட்ட பின்னரே புதியவற்றினிடம் செல்க. முறை மாறுதல் கூடாது. குஞ்சுக்கு 5 முதல் 7 நாளுக்குள் கண்ணில் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் தடுப்பூசியும் இரண்டு கூட்டத்துக்கும் தவறாமல் போடப்படுதல் வேண்டும். நான்கு வாரம் கழிந்த பின்னும் இரண்டு கூட்டத்துக்கும் இரு வேறு கொட்டகை இருப்பதே உத்தமம்.

மற்றோர் ஆபத்து மெல்ல வருவது. சில்கிச் சேவலை வெளியே திரியவிட்டால் அது ஊர்ப் பெட்டைகளோடு கலக்கும். முன் சொன்னபடி முதல் தலைமுறையில் வேற்றுமை தெரியாது. மறைந்த குணமுள்ள சேவலும் பெட்டையும் பின்னர் கூடும்போது, நான்கில் ஒரு குஞ்சு என்னும் விகிதத்தில் பஞ்சிறகு வெளிப்படும். மரத்தில் ஏறித் தங்கவும், மழையில் உதறிக்கொண்டு ஓடவும், பருந்துக்குப் பறந்து தப்பவும் வல்ல நம் சிறுவிடையின் வழியில், இவற்றுள் ஒன்றும் மாட்டாத குஞ்சுகள் தோன்றும். சிறுவிடையின் உடற்கட்டு நம் பாட்டன் பாட்டிமார் பல தலைமுறையாய்ப் பார்த்துப் பார்த்து நிறுத்தியது. அஃது ஒருவர் வீட்டுச் சொத்தன்று, ஊர்ச் சொத்து. வேலிக்கு அப்பாலுள்ளவன் கோழியைக் கெடுக்கும் உரிமை எவருக்கும் இல்லை. சில்கிச் சேவல் வைத்தே தீரவேண்டுமென்போர் அதனை அடைத்தே வளர்க்கக் கடமைப்பட்டவர்கள்.

வீட்டாரைக் கேட்டு வாங்குக

பெரும்பாலான வீடுகளில் நாட்டுக்கோழி பெண்மக்களின் உடைமை. முட்டைக் காசும் சேவல் விற்ற காசும் அவர்கள் கையில் தங்கி, பிள்ளையின் புத்தகத்துக்கும் மருந்துக்கும் உதவுகின்றன. அழகுக்கோழியைச் சந்தையில் கண்டு ஆசைப்பட்டு வாங்கி வருபவரோ பெரும்பாலும் ஆண்மக்கள். வாங்கியவர் வயலுக்கும் வெளியூருக்கும் போய்விட, மழைக்கு அடைப்பதும், குடுமி கத்தரிப்பதும், அடைக்கோழியை எடுத்து இரை காட்டுவதும் வீட்டிலுள்ள பெண்ணின் தலையில் விழுகின்றன. நோய் வந்து முதற்கூட்டம் அழிந்தாலும் காசை இழப்பவர் அவரே. ஆகையால் இரண்டாவது கூட்டம் வேண்டுமா என்பதை, முதற்கூட்டத்தைக் காத்துவருபவரே தீர்மானித்தல் நியாயம். அவர் வேண்டாமென்றால், அதற்கு மேல் என் போன்றோரிடம் யோசனை கேட்க வேண்டுவதில்லை.

கிராம அலுவலர்களுக்கு

கிராம அலுவலர்களும் ஊராட்சிப் பொறுப்பிலுள்ளோரும் செய்யத்தக்கவை மூன்று. கால்நடை பராமரிப்புத் துறையார் நடத்தும் கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாமுக்கு, நாட்டுக்கோழிகளைப் போலவே அழகுக்கோழிகளும் கொண்டுவரப்பட வேண்டுமென்பதை முன்கூட்டி அறிவிக்கலாம். விலையுயர்ந்த கோழியென்று சொல்லி முகாமுக்குக் கொணராமல் வீட்டிலேயே வைத்துக்கொள்வோர் உண்டு. அந்த ஒரு கூண்டே ஊருக்கு வாயிலாகிவிடும். இரண்டாவதாக, கோழிகள் திடீரென்று கூட்டமாய் மாண்டால், அன்றே கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்து, மாண்டவற்றை ஏரியிலோ வாய்க்காலிலோ எறியாமல் ஆழப் புதைத்துச் சுண்ணாம்பு தூவச் செய்தல் வேண்டும். மூன்றாவதாக, பறவை வளர்ப்பில் மாதவருமானம் தருவதாகவும் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் சொல்லிக்கொண்டு எவரேனும் ஊருக்குள் கூட்டம் போட்டால், கையெழுத்திடுமுன் பத்திரத்தைப் படித்துப் பார்க்கும்படி குடிகளை எச்சரித்தல் நலம்.

முடிவாக

அழகை விரும்புவது குற்றமன்று. வாசலில் கோலம் இடுகின்றோம். மாட்டின் கொம்புக்கு வர்ணம் தீட்டுகின்றோம். வெண்பஞ்சுபோன்ற தாய்க்கோழி, தன் நிறமல்லாத குஞ்சுகளை அணைத்துக்கொண்டு முற்றத்தில் நடப்பது கண்ணுக்கு இனிய காட்சியே. அடைகாக்கும் தாய் தேவைப்படும் வீட்டில், உலர்ந்த கொட்டகையும் வேறிடமும் இருந்து, காப்பவரும் இசைந்தால், சேவலின்றி மூன்று பெட்டை வாங்குக. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அப்பணத்தைக் கொண்டு இருக்கின்ற கொட்டகையின் கூரையை வேய்ந்து, இருக்கின்ற கோழிக்குத் தடுப்பூசி போட்டு, நல்ல சிறுவிடைச் சேவலொன்றை அயலூரிலிருந்து கொணர்ந்து இரத்தம் மாற்றிக்கொள்க. பல வீடுகளுக்கு அதுவே தக்க இரண்டாவது முதலீடு.